மழைக்கோட்டைத் தாண்டிய நாவல்கள்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தை ‘அவுட்பேக்’ என்பார்கள். அங்கே குடியேறியவர்களைப் பற்றிய வரலாற்று நாவலைக் கையில் எடுத்தால், முதல் அத்தியாயத்துக்கு முன்னால் வரைபடத்தைப் பாருங்கள். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சொன்ன இலக்கணம் நம்முடையது. இந்த நாவல்களுக்கும் அதுதான் வாசல்.

தெற்கு ஆஸ்திரேலியா என்றால், வரைபடத்தில் ஒரு கோட்டைத் தேடுங்கள். 1865-இல் கடும் வறட்சியின்போது நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர் குதிரையிலேயே சுற்றிப் பார்த்து வகுத்த கோடு அது. அதற்கு வடக்கே மழையை நம்பி விதைக்க முடியாது என்பது அதன் பொருள். 1870-களில் சில ஆண்டுகள் வானம் ஏமாற்றவில்லை. ஏர் போன இடத்துக்கு மழையும் வரும் என்ற நம்பிக்கை பரவி, குடும்பம் குடும்பமாகக் கோட்டைத் தாண்டினார்கள். கோதுமை கொழிக்கப்போகிறது என்று ஓர் ஊருக்கு ‘ஃபரினா’ என்றே பெயர் வைத்தார்கள். லத்தீனில் மாவு என்று அர்த்தம். 1880-களில் வறட்சி திரும்பியது. இன்று ஃபரினாவில் காணக் கிடைப்பவை பெரும்பாலும் இடிந்த கல்வீடுகள்.

இவ்வளவும் மனதில் இருந்தால், ஃபியோனா மெக்ஃபார்லேனின் ‘தி சன் வாக்ஸ் டவுன்’ (2022) வேறு ஆழத்தில் திறக்கும். 1883 செப்டம்பர், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் வட்டாரம். புழுதிப்புயலில் டென்னி என்ற ஆறு வயதுச் சிறுவன் தொலைந்துபோகிறான். பையன் கிடைத்தானா என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் பக்கங்களைப் புரட்டினால் நாவலில் பாதி கைநழுவிவிடும். தேடப் புறப்பட்டவர்களைக் கவனியுங்கள். கோதுமை விவசாயியான தகப்பன், போலீஸ்காரர், ஸ்வீடனிலிருந்து வந்த ஓவியர், தடம் பார்க்கும் தொல்குடியினர் என்று பலர். எல்லோர் கண்முன்னும் இருப்பது ஒரே மண். அதில் அவரவருக்குத் தெரிவது எது, தெரியாமல் போவது எது என்று பாருங்கள். அந்திவானம் விசித்திரமாகச் சிவக்கும் இடங்களை வருணனை என்று தாண்டாதீர்கள். அந்த ஆகஸ்டில் வெடித்த கிரகடோவா எரிமலையின் தூசு, உலகின் பல பகுதிகளில் அந்தியை நிறம் மாற்றியது வரலாறு.

பெயர்களிலும் நின்று படிக்க வேண்டும். இவ்வகைக் கதைகளில் ‘ஆப்கானியர்’ என்று ஒட்டகக்காரர்கள் வருவார்கள். 1860-களிலிருந்து ஒட்டகங்களோடு வந்த அவர்களில் பலுசிஸ்தானியரும் பஞ்சாபியரும் சிந்திகளும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பெயர்தான் கிடைத்தது. அவர்கள் தொழுத, புரோக்கன் ஹில் ஊர்ப் பள்ளிவாசலில் குர்ஆன் என்று கருதப்பட்டுவந்த ஒரு நூல், வங்க மொழியில் அச்சான செய்யுள் நூல் என்று கண்டு சொன்னவர் வரலாற்றாய்வாளர் சாமியா காதுன். ஒரு பாத்திரத்துக்கு ஊரோ மொழியோ சொல்லப்படாமல் இனப்பெயர் மட்டும் இருந்தால், அப்படி அழைப்பது யார் என்று கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். ஃபிளிண்டர்ஸ் மலைகள் அட்னியாமத்தன்ஹா மக்களின் மண். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்துக்குத்தான் வெள்ளையர் வந்தார்கள் என்ற சட்டக் கருத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-இல், மாபோ வழக்கில்தான் தள்ளியது. குடியேறியவரின் பாடுகளை உருக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்கு முன் அந்த மண் வெறுமையாகக் கிடந்ததாக நம்பவைக்கும் நாவலை, நடை எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் நல்ல நாவல் என்று சொல்லமாட்டேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். குடியேறியவர் பக்கத்து நாவல் ஒன்றைப் படித்த கையோடு, நூங்கார் தொல்குடியைச் சேர்ந்த எழுத்தாளர் கிம் ஸ்காட்டின் ‘தட் டெட்மேன் டான்ஸ்’ நாவலையும் எடுங்கள். களம் அவுட்பேக் அல்ல, மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரை. கப்பலில் வந்து இறங்குகிறவர்களைக் கரையில் இருப்பவர்களின் கண்ணால் பார்க்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.