கரையில் பெற்ற அறிவு கரைக்குத் திரும்ப வேண்டும்

வாடைக் காற்று வீசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டுமாவடியில் திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றிருந்தோம். அறுபதைக் கடந்த மீனவப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, ஆவுளியாவப் பத்திக் கேக்க மூணு தடவ ஆளுக வந்தாக. எங்க பாத்தேன், எப்பப் பாத்தேன், புல்லு எங்கெங்க கெடக்குன்னு எல்லாத்தையும் சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாக. அது என்னாச்சு சாமி?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. விசாரித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். விசாரித்தோம். கிடைத்த ஆய்வுரைகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பெரியவரின் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

ஆவுளியா என்று நம் கடற்கரை மக்கள் அழைப்பதைப் புத்தகத் தமிழ் கடற்பசு என்கிறது. கடலில் வாழ்ந்தாலும் அது மீன் அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. கடலடியில் வளரும் புல்லே அதன் உணவு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். ஆகவே, வலையில் சிக்கி மேலே வர இயலாது போனால் அது மூச்சடைத்து மடியும். சினைக்காலம் ஏறத்தாழ 13 மாதம். ஒரு நேரத்தில் ஒரு குட்டி. ஓர் ஈற்றுக்கும் மறு ஈற்றுக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். இத்தகைய உயிரினத்தில் வளர்ந்த ஒன்று இறந்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் வேண்டும். இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 240 என்பது தமிழக அரசு கூறிய கணக்கு. அவற்றுள் பெரும்பாலானவை நம் பகுதிக் கடலில் வாழ்கின்றன.

இந்நிலையில், 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் தமிழக அரசு வெளியிட்ட அறிவிக்கை வரவேற்கத்தக்கது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய வடக்குப் பாக் விரிகுடாவில், அதிராம்பட்டினம் முதல் அம்மாப்பட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் ஆயிற்று. கட்டுமாவடி இவ்விரு ஊர்களுக்கும் இடையே உள்ளது. இக்கடலடியில் 12,250 எக்டேர் அளவுக்குக் கடற்புல் படுகைகள் இருப்பதாகக் கணித்துள்ளனர். 2025 அக்டோபரில் அபுதாபியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடும் இக்காப்பகத்தைப் பாராட்டி ஏற்றது. மூங்கில் சட்டங்களில் தென்னை நார்க் கயிறு பின்னி, அதில் கடற்புல் நாற்றுகளைக் கட்டிக் கடலடியில் ஊன்றும் பணியும் இப்பகுதியில் நடந்துள்ளது. வயலில் நாற்று நடும் நாடு கடலிலும் நாற்று நடக் கற்றுக்கொண்டுள்ளது. இவை நல்லவை. இவற்றுக்கு உழைத்த அறிவியலாளர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

ஆயினும் திறனாய்வு என்பது பாராட்டோடு நின்றுவிடுவதன்று. ஒரு நூலைக் கையில் எடுக்கும் திறனாய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது யாரை நோக்கிப் பேசுகிறது? இக்கேள்வியைக் கதைக்கும் கவிதைக்கும் மட்டுமன்றி, ஆய்வறிக்கைக்கும் அரசுக் கொள்கைக்கும் நாம் எழுப்பலாம். அவையும் மனிதர் எழுதி மனிதர் வாசிக்கும் பனுவல்களே. அவ்வாறு வாசிக்கும்போது ஒரு குறை பளிச்செனத் தெரிகிறது. நம் கடலைப் பற்றிய அறிவியல் நம் மக்களிடம் கேட்கிறது. ஆனால் நம் மக்களோடு பேசுவதில்லை. தகவல் தருபவராக மீனவர் அங்கு இருக்கிறார். வாசகராக அவர் இல்லை.

காப்பகத்துக்கு அடிப்படையான சட்டத்தையே பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகப் பாதுகாப்புக் காப்பகம் என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பின்னரே காப்பகம் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது சட்டம். இது அதன் சிறப்பு. அதை நிருவகிக்க ஆலோசனை கூறும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதையும் அது வகுத்துள்ளது. வனத்துறையின் பிரதிநிதி, எல்லைக்குட்பட்ட ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி, தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர் என்பதே அப்பட்டியல். கடலில் அமைந்த காப்பகத்துக்கு வேளாண்மைத் துறை! கடற்பசுவும் பசுதானே என்று எண்ணிக் கால்நடைத் துறையைச் சேர்த்தார்களோ என்று நகைக்கத் தோன்றுகிறது. மீன்வளத் துறையின் பெயர் அப்பட்டியலில் இல்லை. மீனவர் என்ற சொல்லும் இல்லை. சட்டம் எழுதியோரின் மனக்கண்ணில் காடும் மேய்ச்சல் நிலமும் இருந்தன, கடல் இருக்கவில்லை என்பதே இதன் பொருள். யாரும் வஞ்சகமாகச் செய்த பிழையன்று இது. நிலத்தில் நின்று கடலைப் பார்ப்போர் அனைவருக்கும் நேரும் பிழை.

நாட்டின் அறிவியல் கொள்கைக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். 2020 டிசம்பர் இறுதியில் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்ட அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கை வரைவு, மரபுவழி அறிவையும் அடித்தட்டு மக்களின் கண்டுபிடிப்புகளையும் ஆய்வுலகத்தோடு இணைக்க வேண்டும் என்று கூறியது. அச்சொற்கள் நம் நெஞ்சுக்கு இதமானவை. ஆனால் பணம் செல்லும் வழியைப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். அதில் அரசின் பங்கு 14,000 கோடி மட்டுமே. எஞ்சிய பெரும்பகுதி தொழில் நிறுவனங்கள் முதலிய பிற வழிகளிலிருந்து வர வேண்டும். 2025இல் ஒப்புதல் பெற்ற 1 லட்சம் கோடி ரூபாய் நிதியும் தனியார் துறையின் ஆய்வை ஊக்குவிக்கவே ஏற்பட்டது. உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காடே ஆய்வுக்குச் செலவிட்டு வந்த நாட்டில் இம்முயற்சிகள் தேவையானவையே. ஆனால் எவருக்கும் இலாபம் ஈட்டித் தராத கடற்புல்லை ஆராய எந்த நிறுவனம் முன்வரும்? ஏழையின் கடலைப் பற்றிய அறிவுக்கு அரசின் கருவூலமே துணை.

இன்னொன்றையும் காண்க. வெளிநாட்டு ஆய்விதழ்களை நம் கல்வி நிலையங்கள் வாசிப்பதற்காக, 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். ஏறத்தாழ 13,000 இதழ்கள். மாணவர்களுக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் மணமேல்குடியிலோ கட்டுமாவடியிலோ உள்ள எளிய வாசகருக்கு, அவர் கடலைப் பற்றி அவரிடமே கேட்டு எழுதப்பட்ட செய்தியைத் தமிழில் நான்கு பக்கத்தில் தர எத்தனை செலவாகும்? அக்கணக்கை எவரும் போட்டதாகத் தெரியவில்லை.

இது வெறும் மரியாதை பற்றிய முறையீடு என்று வாசகர் எண்ணிவிடலாகாது. அறிவியலின் உயிர்நாடியே இதில் அடங்கியுள்ளது. ஆவுளியா அட்டவணை ஒன்றில் இடம்பெற்ற உயிரினம். அதை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வேட்டையாடாமல், தவறி வலையில் சிக்கி இறந்த ஒன்றைக் காலையில் காண்கிறார் ஒரு மீனவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்? தம்மிடம் முன்பு கேட்டு எழுதிச் சென்றவர்கள் திரும்பி வந்து, 'ஐயா, நீங்கள் சொன்னதிலிருந்து இதை அறிந்தோம், அதனால் இன்ன நன்மை விளைந்தது' என்று சொல்லியிருந்தால் துணிந்து தகவல் சொல்வார். எழுதிச் சென்றவர்கள் திரும்பவே இல்லையென்றால், அந்த எழுத்து நாளை வழக்காக மாறுமோ என்று அஞ்சுவார். வலையை அறுத்து உடலை ஆழத்தில் விட்டுவிட்டு மௌனமாகக் கரை சேர்வார். அன்று ஆய்வாளரின் கணக்கில் ஒரு சாவு விடுபடும். அக்கணக்கை நம்பி வகுக்கும் கொள்கையும் பிழைபடும். நம்பிக்கை இல்லாத இடத்தில் புள்ளிவிவரமும் இல்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விட்ட மீனவர்களை வனத்துறை பாராட்டி ஊக்கத்தொகை வழங்கியதை நாம் அறிவோம். அந்த நம்பிக்கையை வளர்ப்பதற்கு அதுவே சரியான தொடக்கம்.

மீனவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் வாதிடவில்லை. ஆவுளியாவின் இறைச்சியை விரும்பி உண்ட காலமும் இக்கரைக்கு உண்டு. கடலடியைச் சுரண்டிச் செல்லும் இழுவலையால் புல் படுகைகள் சிதைவதும், அப்புல்லில் வளரும் ஓராவும் நண்டும் இறாலும் குறைவதும் நம் மக்களின் கைகளாலும்தான். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்துக்கொண்ட பின்னும் இருசாராருக்கும் இடையே உரசல் ஓயவில்லை. எளிய மனிதரின் அனுபவத்துக்கு அறிவியலின் சோதனை தேவை. அதுபோலவே அறிவியலின் திட்டத்துக்கும் எளியவரின் சோதனை தேவை. 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகள் 2,000ஐ மாற்றி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக்குவது அதன் குறிக்கோள். அலகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். நோக்கம் உயர்ந்தது, ஆயினும் எண்ணிக்கை இலக்கின் அருகில்கூடச் செல்லவில்லை. ஆழமற்ற கடலில் மாலையில் சென்று காலையில் திரும்பிப் பழகியவர், பல நாள் ஆழ்கடலில் தங்கும் வாழ்க்கைக்கு மாறுவது படகு மாறுவது போல எளிதன்று. இதைக் கரையில் கேட்டிருந்தால் எவரும் சொல்லியிருப்பார்.

பிறரைக் குறைகூறும் முன் நம்மையும் சோதித்துக்கொள்வது அறம். கலிலேயோவிடம் திருச்சபை நடந்துகொண்ட முறையில் தவறு இருந்தது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். கேட்க மறுத்த குற்றம் அன்று நம்முடையது. இன்றும் நாம் முற்றிலும் திருந்தினோமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை வழங்கினார். சுற்றுச்சூழலைப் பாதிக்கும் முடிவுகளில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற கருத்தை அதில் வலியுறுத்தினார். அது வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேலாகின்றன. நம் பங்குகளில் எத்தனை அன்பியக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசினோம்? கடலைப் பற்றி மறையுரை ஆற்றும் நாம், கடலுக்குச் செல்வோரிடம் கடலைப் பற்றி எத்தனை முறை கேட்டோம்? ஆலய வாசலில் அந்தப் பெரியவர் கேட்கும் வரை நாமும் கேட்கவில்லை.

எனவே நம் வேண்டுகோள் மூன்று. இக்கரையில் நிகழும் ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் எளிய தமிழில் சுருக்கி, கிராம சபையில் வாசிக்க வேண்டும். குடியரசு நாள் முதல் உள்ளாட்சி நாள் வரை கிராம சபை கூடும் நாள்கள் ஆண்டில் ஆறு உள்ளன. அவற்றில் ஒன்று இதற்குப் போதும். அடுத்து, கடற்காப்பகத்தின் ஆலோசனைக் குழுவில் மீன்வளத் துறையும், ஆண் பெண் இருபாலாரும் அடங்கிய மீனவப் பிரதிநிதிகளும் உரிமையோடு இடம்பெறச் சட்டம் திருத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, தவறி வலையில் சிக்கிய உயிரைப் பற்றி நேர்மையாகத் தகவல் தருவோர்க்கு வழக்கு அச்சம் இல்லை என்ற உறுதி எழுத்தில் வேண்டும். தஞ்சை மாவட்டத்து மனோராவில் பன்னாட்டுக் கடற்பசு மையம் ஒன்றை அமைக்க அரசு திட்டமிட்டுள்ளது. அங்கு வரும் பார்வையாளர்க்கு விளக்கம் தரும் இடத்தில் நம் மீனவர் ஒருவர் நிற்பாரானால், அந்த மையத்துக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

நம் பங்கு மக்கள் செய்யக் கூடியதும் உண்டு. ஆங்கிலம் கற்ற நம் இளைஞர்கள், ஆளுக்கோர் ஆய்வுரையைத் தமிழாக்கித் தம் தந்தையர்க்கு வாசித்துக் காட்டலாம். அந்தப் பெரியவர்க்காக நாமும் ஒன்றை அவ்வாறு எழுதத் தொடங்கியிருக்கிறோம். கலைச்சொல் தடுக்கும் இடங்களில் அவரிடமே சொல் கேட்கிறோம். அவர் திருத்துகிறார். நூலில் உள்ளதைவிட அவர் சொல்வது பல இடங்களில் துல்லியமாக இருக்கிறது.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் சீடர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்த நிகழ்வை யோவான் எழுதுகிறார். கரியடுப்பில் மீன் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது. ஆண்டவருக்கு அவர்களுடைய மீன் தேவைப்படவில்லை. ஆயினும், அவர்கள் அப்போது பிடித்ததிலிருந்தும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தவர்களையே பந்தியில் அமர்த்தி, அப்பத்தையும் மீனையும் தம் கையால் எடுத்துக் கொடுத்தார். மீனவரிடம் கேட்டுப் பெறும் எந்த அறிவுக்கும் இதுவே இலக்கணமாகட்டும்.