மேடையில் மலைநாட்டு வீரன்

ஆநிரை கவரச் செல்வோன் வெட்சி சூடினான். அதனை மீட்போன் கரந்தை சூடினான். மதிலை வளைத்தோர்க்கு உழிஞையும், காத்தோர்க்கு நொச்சியும், களத்தில் பொருதோர்க்குத் தும்பையும், வென்றோர்க்கு வாகையும் உரியவாயின. புறப்பொருள் வெண்பாமாலை கற்ற மாணவர் இதனை நன்கறிவர். வீரன் அணிவது அவன் செயலைக் காட்டும் குறி என்பதே இப்பகுப்பின் அடிப்படை. போர் தொடங்குமுன் வாகை சூடி நிற்பவனை மேடையேற்றினால் அது பொருட்குற்றமாகும். சிங்கப்பூரின் போர்க்கால வரலாற்றை நடித்துக் காட்டுவோருக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 15-ஆம் நாள், 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு நாளாகப் பள்ளிகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. அக்காலத்தை நாடகமாக்க முனைவோரை ஸ்காத்லாந்து மலைநாட்டுப் படையினர் எளிதில் ஈர்த்துவிடுகின்றனர். ஆர்கைல் சதர்லாந்து ஹைலாண்டர்ஸ் இரண்டாம் பட்டாளம் 1942 ஜனவரி 31-ஆம் நாள் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தபோது பைக்குழல் முழங்கிற்று என்னும் செய்தி நாடகத்திற்கு ஏற்ற காட்சியன்றோ! அக்காட்சி என்றவுடன் கட்டம்போட்ட 'கில்ட்' பாவாடையும், குஞ்சம் தொங்கும் இடைப்பையும், வெண்ணிறக் கணுக்காலுறையும் தேடத் தொடங்குகின்றனர். பிழையும் அங்கேயே தொடங்குகிறது.

கில்ட் இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்திலேயே போர்க்கள உடையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. கர்னல் ஐயன் ஸ்டூவர்ட் தம் படையினரை மலாயாக் காடுகளில் பழக்கியபோது அவர்கள் அணிந்தவை காக்கிச் சட்டையும் காக்கி அரைக்காற்சட்டையுமே. ஏழெட்டுக் கெஜக் கம்பளித் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அந்த மழையிலும் சேற்றிலும் பொருவது எவர்க்கும் அரிது. கில்ட் அணிவகுப்பின் உடை. காக்கி களத்தின் உடை. முன்னது வாகை என்றால் பின்னது தும்பை. பின்வாங்கிப் போரிடும் காட்சியில் கில்ட் அணிவிப்பது திணை மயங்கிய பாட்டைப் போன்றது.

அணிவகுப்புக் காட்சிக்கு அவ்வுடை தேவைப்படின், அதனையும் அறிந்து தைத்தல் வேண்டும். கில்டின் மடிப்புகள் பின்புறத்திற்கே உரியவை. முன்புறம் மடிப்பின்றித் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படியும். பள்ளிச் சிறுமியரின் பாவாடைபோல் சுற்றிலும் மடிப்பு வைத்தால் கண்டவர் நகைப்பர். கட்டமும் படைக்குப் படை வேறு. செலராங் பாசறையில் இருந்த கோர்டன் படையினர்க்குப் பச்சை, நீல, கருங்கட்டத்தின் ஊடே மஞ்சள் கோடு ஓடும். ஆர்கைல் படையினர்க்கு அக்கோடு இல்லை. அவர்தம் கிளென்கேரித் தொப்பியைச் சிவப்பு வெள்ளைக் கட்ட விளிம்பால் அறியலாம். சியால்கோட்டுப் பட்டறைகள் பைக்குழலும் இவ்வகை உடையும் செய்து உலகெங்கும் விற்கின்றன. அங்கிருந்து வாங்குவோர் செயற்கை இழையா, கம்பளியா என்று பார்த்து வாங்குதல் நன்று. செயற்கை இழையின் பளபளப்பு மேடை விளக்கில் மறையாது.

இனி, உடை கிடைக்கும் இடம். முன்னாளில் சுங்கை ரோடு பழம்பொருட் சந்தையில் ஆங்கிலப் படையினரின் கழித்த உடைகள் விலைக்குக் கிடைத்தன. அச்சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாள் மூடப்பட்டது. பீச் ரோடு படைப்பொருட் கடைகள் இக்காலத் தேசிய சேவையாளர்க்கு உரியவை. அங்குள்ள உடையின் வெட்டும் துணியும் 1942-க்குப் பொருந்தா. அன்றி, உண்மையிலேயே அக்காலத்து உடையொன்று கிடைத்தாலும் அதனை நடிகனுக்கு அணிவித்தல் தகாது. வியர்வையும் இழுப்பும் பழந்துணியைக் கெடுக்கும். அது காட்சியகத்தில் காக்கப்பட வேண்டிய சான்று. மேடைக்கு வேண்டியது அச்சான்றைப் பார்த்துச் செய்த படி. பருத்திக் காக்கி டிரில் துணியை வாங்கி, அக்காலப் புகைப்படத்தைக் காட்டி, ஜிப் வைக்காமல் பொத்தான் வைத்துத் தைக்கச் சொன்னால் தேக்கா நிலையத்து மாடியிலுள்ள தையற்காரரே தைத்துத் தருவார். அருமையென எண்ணி அயல்நாட்டில் தேடியது பொய். உண்மையோ சிராங்கூன் சாலையிலேயே கிடைக்கிறது!

கில்ட் இல்லையேல் மலைநாட்டு வீரனைப் பார்வையாளர் எங்ஙனம் அறிவர் என்று சிலர் வினவுவர். வினா நேரியதே. எனினும், குறி வேண்டும் என்பதற்காகப் பொய்க்குறி வேண்டுவதில்லை. காக்கியுடுத்தோர் நடுவே ஒலிக்கும் பைக்குழல் ஒன்றே போதும். முல்லைப்பாட்டின் ஆசிரியர் நப்பூதனார், பாசறையில் காவல் நின்ற யவனரைக் காட்டியபோது, மத்திகை வளைத்த இறுகிய உடையையும், மெய்ப்பையென்னும் சட்டையையும் உள்ளவாறே காட்டினார். அயல்நாட்டு வீரன் என்பதற்காக அவனை விந்தைப்பொருளாக்கவில்லை. உள்ளதைக் கூர்ந்து கண்டதே அவர்தம் சொல்லுக்கு உயிராயிற்று.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனலாம். ஆர்கைல் பட்டாளம் தனித்துப் போரிடவில்லை. அது பன்னிரண்டாம் இந்தியப் பிரிகேடின் ஓர் உறுப்பு. இரண்டாம் பஞ்சாப் படையின் ஐந்தாம் பட்டாளமும், பத்தொன்பதாம் ஹைதராபாத் படையின் நான்காம் பட்டாளமும் அதனோடு இருந்தன. 1942 ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ஆற்றுப் போரில் அப்பிரிகேடு முழுவதுமே சிதைந்தது. அவர்களும் அணிந்தது காக்கியே. மேடையில் கில்ட் ஏறியவுடன் ஒருவன் மட்டும் காவிய வீரனாகிறான். அவனோடு நின்ற இந்தியச் சிப்பாய்கள் பின்திரையில் மறைகின்றனர். கிராஞ்சி நினைவுச் சின்னத்துச் சுவர்களில் பொறித்த 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியப் படையினர் பெயர்களும் மிகுதி. அப்பெயர்களைப் படித்த மாணவன் மேடையில் அவர்களைக் காணாவிடின், நாடகம் அவனுக்குக் கற்பித்தது யாது?

ஆகவே, உடைக்கெனத் திரட்டிய பொருளில் பெரும்பகுதியை ஒரு கில்டுக்குச் செலவிடுவதினும், அதனைக் கொண்டு பத்துக் காக்கி உடைகள் தைப்பது சிறந்தது. ஸ்காத்லாந்தியனும் பஞ்சாபியனும் ஹைதராபாத் படையினனும் ஒரே நிறத்துணியில் ஒருங்கு நின்றால், 1942-ஆம் ஆண்டுக் களம் மேடையில் தன் உண்மை உருவில் தோன்றும்.