குழுவை விடுங்கள், ஆளைப் பின்தொடருங்கள்

ஜாஸ் கலந்த ஆங்கிலேய ராக் இசையில் ‘கேன்டர்பரி’ என்று ஒரு கிளை உண்டு. அதைப் பற்றி எங்கே விசாரித்தாலும் முதலில் சாஃப்ட் மெஷின் குழுவின் ‘தேர்ட்’ ஆல்பத்தைத்தான் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். 1970-இல் வந்த இரட்டை இசைத்தட்டு அது. நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரே ஒரு உருப்படி. மகத்தான ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கேட்க வருகிறவரை அதில் இறக்கிவிடுவது சரியில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் ‘ஃபேஸ்லிஃப்ட்’ கச்சேரி மேடையில் பதிவானது. எடுத்த எடுப்பில் ஆர்கன் தனியாகக் கரகரத்து அலறிக்கொண்டே இருக்கும். தாளம் வந்து சேர வெகுநேரம் ஆகும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல், இது நமக்கானது இல்லை என்று பலர் அங்கேயே எழுந்துவிடுகிறார்கள்.

கேரவன் குழுவின் ‘இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்’ ஆல்பத்தில் தொடங்குங்கள். 1971-இல் வந்தது. முதல் பாட்டு ‘கோல்ஃப் கேர்ள்’. கோல்ஃப் மைதானத்தில் தேநீர் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது, அவ்வளவுதான் விஷயம். அதே காலத்தில் மற்ற புரோகிரஸிவ் ராக் குழுக்கள் பிரபஞ்சம், புராணம், போர் என்று பாடிக்கொண்டிருந்தன. இவர்கள் தேநீரைப் பாடினார்கள். பாடுகிற ரிச்சர்ட் சின்க்ளேரின் குரலைக் கவனியுங்கள். அமெரிக்கப் பாடகர்களைப் போல நாக்கைச் சுழற்றுவதில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த பையன் பாடுவதுபோல, தான் பேசுகிற இங்கிலீஷிலேயே தெளிவாகப் பாடுகிறார். அடுத்து வரும் ‘விண்டர் வைன்’ பாட்டிலும் அதே குரல்தான். அங்கே அவர் வாசிக்கும் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்டால், அது பாட்டுக்குத் துணை போகாமல் தனக்கென்று ஒரு மெட்டு பாடிக்கொண்டிருப்பது தெரியும்.

அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ‘நைன் ஃபீட் அண்டர்கிரவுண்ட்’. இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும். நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். எட்டுச் சிறு துண்டுகளைக் கோத்துச் செய்தது அது. பெரும்பகுதி ஆர்கன்தான், வாசித்தவர் டேவ் சின்க்ளேர். முதலில் ஆர்கன் மெட்டைச் சொல்லும்; அதை சாக்ஸபோன் வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போகும்; மறுபடி ஆர்கனிடம் வரும். ஐந்து நிமிடம் தாண்டிய பிறகுதான் மனிதக் குரலே கேட்கும். அதைப் பாடுபவர் கிட்டாரிஸ்ட் பை ஹேஸ்டிங்ஸ். கடைசிப் பகுதிகளுக்கு வரும்போது எல்லாம் அடங்கி, ரிச்சர்ட் சின்க்ளேர் மெதுவாக ஒரு பாட்டுப் பாடுவார். அது முடிந்ததும் கனமான, அடித்து இறக்குகிற ஒரு ராக் துண்டு, அதன்மேல் ஆர்கனின் கடைசி ஓட்டம். அந்த மெதுவான பாட்டுக்காகத்தான் அதற்கு முந்தைய கால் மணி நேரமும் என்பது என் அபிப்பிராயம். நடுவில் இறங்கிக் கேட்டால் அது ஒரு சாதாரண சோகப் பாட்டு. முதலிலிருந்து வந்து சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும்.

இந்த இசையின் அடையாளமே அந்த ஆர்கன் ஒலிதான். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குவதற்கென்று ஃபஸ் பெட்டி என ஒன்று உண்டு. சாஃப்ட் மெஷினின் மைக் ராட்லெட்ஜ் தன் லோரி ஆர்கனை அந்தப் பெட்டிக்குள் செலுத்தி வாசித்தார். அதில் ஒரு சிக்கல். ஒலியளவை அத்தனை உயர்த்தி வைத்திருக்கும்போது, கட்டையிலிருந்து விரலை எடுத்தால் ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கிவிடும். ஆகவே மூச்சு விடாமல், ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியே இல்லாமல் வாசித்துக்கொண்டே போனார். நீண்டு நெளிந்து, முடிவே இல்லாமல் ஓடும் அந்தப் பாணி இப்படித் தொல்லையிலிருந்து பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், முதலில் இரைச்சலாகப் பட்டதற்குள் ஒரு சாக்ஸபோன்காரரின் வாசிப்பு ஒளிந்திருப்பது காதில் விழும். டேவ் சின்க்ளேரின் ஹேமண்ட் ஆர்கனும் ஃபஸ் வழியாகத்தான் வருகிறது. ஆனால் ராட்லெட்ஜின் ஒலி கத்தி மாதிரி கிழிக்கும்; சின்க்ளேருடையது குழைந்து பாடும். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டு இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

பெயர்க் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேன்டர்பரி, தென்கிழக்கு இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துப் பழைய பேராலய நகரம். அங்கே சைமன் லாங்டன் பள்ளியில் பின்னாளில் சாஃப்ட் மெஷினின் டிரம்ஸ்காரரான ராபர்ட் வயட், ராட்லெட்ஜ், ஹாப்பர் சகோதரர்கள் எல்லோரும் படித்தார்கள். டோவருக்குப் பக்கத்தில் லிடன் என்ற ஊரில் வயட்டின் பெற்றோருடைய பெரிய வீடு இருந்தது. அங்கே வாடகைக்கு வந்து தங்கினார் டேவிட் ஆலன் என்ற ஆஸ்திரேலியர், ஜாஸ் இசைத்தட்டுகளோடு. ஜார்ஜ் நைடார்ஃப் என்ற அமெரிக்க டிரம்ஸ்காரரும் அங்கே தங்கி, வயட்டுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1964-இல் இந்தப் பையன்கள் வைல்ட் ஃப்ளவர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அந்தக் குழு இருந்த காலத்தில் ஒரு இசைத்தட்டுகூட வெளியிடவில்லை. ஆனால் அதிலிருந்து பிரிந்து போனவர்களால்தான் சாஃப்ட் மெஷினும் கேரவனும் உண்டாயின. பின்னால் வந்த குழுக்களில் பலருக்கு அந்த ஊரோடு ஒட்டுறவே கிடையாது. எல்லாம் லண்டனில் நடந்த வேலை. சம்பந்தப்பட்ட கலைஞர்களிலேயே பலர் ‘கேன்டர்பரி’ என்ற பட்டத்தை ஏற்றுக்கொண்டதில்லை.

ஆகையால் ஊரைத் தேட வேண்டாம். குழுவையும் தேட வேண்டாம் என்பேன். இங்கே குழுக்கள் இரண்டு மூன்று வருடம் இருக்கும், கலையும், அதே ஆட்கள் வேறு பெயரில் கூடுவார்கள். ஒரு குழுவின் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் நடுவில் பாடகர் மாறிவிடுவார், ஆர்கன் காணாமல் போகும், இசையே வேறாகிவிடும். ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் போகிற வீடுகளுக்கெல்லாம் கூடவே போங்கள். பை ஹேஸ்டிங்ஸின் அண்ணன் ஜிம்மி ஹேஸ்டிங்ஸ் எந்தக் குழுவிலும் நிரந்தர உறுப்பினர் இல்லை. ஆனால் கேரவனில் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்தது அவர்தான். சாஃப்ட் மெஷினின் ‘தேர்ட்’, ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த்தின் ‘தி ராட்டர்ஸ் கிளப்’, நேஷனல் ஹெல்த்தின் முதல் ஆல்பம் எல்லாவற்றிலும் அவருடைய வாசிப்பு இருக்கிறது. அந்தப் புல்லாங்குழல் எங்கே கேட்டாலும் உங்களுக்கு அடையாளம் தெரியத் தொடங்கும்.

ரிச்சர்ட் சின்க்ளேரின் குரல் பிடித்துப்போனவர்கள் அவரோடு ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த்துக்குப் போகலாம். லண்டனிலிருந்து வடக்கே போகும் ஏ1 நெடுஞ்சாலையின் வழிகாட்டிப் பலகையில் இருந்த எழுத்தை அப்படியே குழுவின் பெயராக வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். இரண்டே ஸ்டூடியோ ஆல்பங்கள்: 1974-இல் குழுவின் பெயரிலேயே ஒன்று, 1975-இல் ‘தி ராட்டர்ஸ் கிளப்’. கிட்டாருக்கு ஃபில் மில்லர், டிரம்ஸுக்கு பிப் பைல், ஆர்கனுக்கு டேவ் ஸ்டூவர்ட். முதல் ஆல்பத்தில் சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடைவெளியில்லாமல் ஓடும். எது எங்கே முடிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள். அதில் ‘கேலிக்ஸ்’ என்ற துண்டை மட்டும் தனியாக நான்கு தடவை கேளுங்கள். ராபர்ட் வயட் விருந்தாளியாக வந்து, ஒரு சொல்கூட இல்லாமல் குரலால் மட்டும் மெட்டைப் பாடுகிறார். மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மெட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று கடைசி வரை ஊகிக்க முடியாது; ஆனால் திரும்பிய பிறகு வேறெங்கும் போயிருக்க முடியாது என்று தோன்றும். இந்த ஆல்பங்களில் நார்த்தெட்ஸ் என்ற பெயரில் மூன்று பெண்களும் இப்படிச் சொல்லில்லாமல் பாடுவார்கள். குரலை வாத்தியமாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் கேன்டர்பரியின் இன்னொரு அடையாளம்.

தாளத்தைப் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. ராக் இசை பெரும்பாலும் நாலில் நடக்கும். இவர்கள் ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று மாற்றிக்கொண்டே போவார்கள். நமக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. மிஸ்ர சாபுவைக் காலம் காலமாகக் கேட்டு வளர்ந்த காது இது. ‘தகிட தகதிமி’ என்று சொல்லிக்கொண்டு கேட்டால் ஏழு தானாக உட்காரும். பயிற்சிக்கு டேவ் ஸ்டூவர்ட்டின் பழைய குழுவான எக் 1969-இல் வெளியிட்ட ‘செவன் இஸ் எ ஜாலி குட் டைம்’ என்ற சிங்கிள் இருக்கிறது. தாளக் கணக்கையே பாட்டின் பொருளாக வைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே எண்ணிக்கையை மாற்றுவார்கள். ஆனாலும் கணக்கோடு நிறுத்திவிடக் கூடாது. விரல் விட்டு எண்ணுகிற ரசிகர் மெட்டின் குழைவைத் தவறவிடுவார். இவர்களும் கணக்கைக் காட்டுவதற்காக வாசித்தவர்கள் இல்லை. மெட்டு கேட்டது ஏழு, அதனால் ஏழு.

இதற்குப் பிறகு ‘தேர்ட்’ ஆல்பத்துக்கு வாருங்கள். வந்து, மூன்றாம் பக்கத்தை முதலில் போடுங்கள். அதில் இருப்பது ராபர்ட் வயட்டின் ‘மூன் இன் ஜூன்’. சுமார் பத்தொன்பது நிமிடம். முன்பாதியில் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, பாட்டு எல்லாம் அநேகமாக வயட் ஒருவரே. பின்பாதியில்தான் மற்றவர்கள் சேருகிறார்கள். குழு முழு வாத்திய ஜாஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த நேரம் அது. சாஃப்ட் மெஷின் ஆல்பத்தில் வயட் பாடிய கடைசிப் பாட்டும் இதுதான். அடுத்த வருடமே அவர் விலகினார். இந்தப் பாட்டை அவர் 1969-இல் பிபிசி வானொலியில் பாடியபோது வரிகளையே மாற்றிவிட்டார். பிபிசிக்கு வந்து வாசிப்பது பற்றியும், அங்கே நடைபாதையில் இருக்கும் தேநீர் இயந்திரத்தைப் பற்றியும் பாடினார். அந்த ஒலிப்பதிவும் கிடைக்கிறது. இரண்டையும் கேட்டுப் பாருங்கள். கேரவனின் தேநீர்க்காரப் பெண்ணும் வயட்டின் தேநீர் இயந்திரமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது புரியும். இசை எவ்வளவு சிக்கலாகிறதோ அவ்வளவுக்குச் சொல் எளிமையாக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இவர்களுடைய பிடிவாதம். சாஃப்ட் மெஷினின் இரண்டாவது ஆல்பத்தில் வயட் அரிச்சுவடியையே பாடியிருக்கிறார், ஏ முதல் இசட் வரை.

‘தேர்ட்’ ஆல்பத்தின் மற்ற மூன்று பக்கங்களில் ‘அவுட்-பிளடி-ரேஜியஸ்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஒலிநாடாவைச் சுற்றவிட்டு உருவாக்கிய ஆர்கன் அலைகள் மெதுவாக மேலெழுந்து வர, அதிலிருந்து எல்டன் டீனின் சாக்ஸபோன் பிரிந்து வரும். ஆல்பத்தின் ஒலிப்பதிவு கொஞ்சம் மங்கல். ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. அதே 1970 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி நடத்தும் பிராம்ஸ் இசை விழாவில் சாஃப்ட் மெஷின் வாசித்தது. சாஸ்திரிய இசைக்கான அந்த மேடையில் ஏறிய முதல் ராக் குழு அதுதான்.

1973 ஜூன் 1-ஆம் தேதி ராபர்ட் வயட் ஒரு விருந்தில் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. டிரம்ஸ்காரருக்குக் கால் போனால் வாத்தியமே போன மாதிரி. மறு வருடம் ஜூலை 26-ஆம் தேதி அவருடைய ‘ராக் பாட்டம்’ ஆல்பம் வந்தது. அன்றுதான் அவர் ஆல்ஃப்ரீடா பெஞ்ஜைத் திருமணம் செய்துகொண்டார். ஆல்பத்தின் உறைக்குக் கடற்கரைக் காட்சியைப் பென்சிலால் வரைந்ததும் ஆல்ஃப்ரீடாதான். பிங்க் ஃப்ளாய்டின் டிரம்ஸ்காரர் நிக் மேசன் தயாரிப்பாளர். இதை விபத்தின் சோகம் என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பாட்டுகளில் பல, விபத்துக்கு முன்பே வெனிஸ் நகரத்தில், ஆல்ஃப்ரீடா வாங்கிக்கொடுத்த ஒரு சின்ன கீபோர்டில் உருவாகத் தொடங்கியவை. ‘ஸீ சாங்’ கடலையும் ஒரு பெண்ணையும் சேர்த்துப் பாடும் காதல் பாட்டு. அதன் முடிவில் வயட் சொற்களை விட்டுவிட்டு வெறும் குரலாகப் போவதைக் கேளுங்கள். ‘அலிஃபிப்’ பாட்டில் அவருடைய மூச்சே தாளமாக ஓடுகிறது; அதன்மேல் ஹ்யூ ஹாப்பரின் பேஸ் கிட்டார் மேல் ஸ்தாயியில் மெட்டு வாசிக்கிறது. இன்னொரு பாட்டில் தென்னாப்பிரிக்கரான மொங்கேஸி ஃபேஸாவின் டிரம்பெட் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவாகி ஒரு கூட்டமே வாசிப்பது போலக் கேட்கும். ரிச்சர்ட் சின்க்ளேரும் சில பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்திருக்கிறார். கேரவனிலிருந்து அவரைப் பின்தொடர்ந்தால் இங்கே வந்து சேர்ந்துவிடலாம்.

இனி உங்கள் பாடு. விளையாட்டும் விண்வெளி ஒலியும் வேண்டுமென்றால், இங்கிலாந்துக்குள் திரும்பி வர அனுமதி கிடைக்காமல் பிரான்ஸில் தங்கிய டேவிட் ஆலன் அங்கே அமைத்த காங் குழுவின் ‘யூ’ இருக்கிறது, 1974. சோம்பலான, அழகான பாட்டுகள் வேண்டுமென்றால் கெவின் அயர்ஸின் ‘ஜாய் ஆஃப் எ டாய்’, 1969. ஆர்கன் பிடித்தவர்கள் டேவ் ஸ்டூவர்ட்டோடு நேஷனல் ஹெல்த்துக்குப் போய் 1978-இல் வந்த ‘ஆஃப் க்யூஸ் அண்ட் க்யூர்ஸ்’ கேட்கலாம். எதைக் கேட்டாலும் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள். இவை இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரமோ அந்த நேரத்துக்கென்று கட்டிய இசை. இருபது நிமிடம் ஒதுக்கி, ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அடுத்த பக்கம் நாளைக்கு. ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்க முடியும் என்றால் ‘ராக் பாட்டம்’ வாங்குங்கள். ஆனால் அதைக் கடைசியில் கேளுங்கள்.