நிச்சுவாச ஏடும் ஆகம வழக்கும்

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலும், புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களும் விளங்கும் கொழும்பு மாநகரிலே, சைவர் ஒருவருக்குக் கிரியை பற்றிய ஐயம் எழுமாயின், 'ஆகமத்தில் அவ்வாறு உள்ளது' என்பதே முடிந்த விடையாகக் கூறப்படுதல் பெருவழக்கு. எந்த ஆகமத்தில், எப்படலத்தில் என வினவுவோர் மிகச் சிலரே. காமிகம் முதலாக இருபத்தெட்டு ஆகமங்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்போர் பலர். அவற்றின் ஏடுகளைக் கண்டோர் அரியர்.

அவ்வரிசையில் நிச்சுவாசம் என்பது ஒன்று. அதன் பனையோலைப் பிரதி காத்மண்டுவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உளது. ஹரப்பிரசாத சாஸ்திரி 1905இல் வெளியிட்ட நேபாள அரண்மனை நூலகப் பட்டியலில் இதனைக் குறித்தார். எழுத்தின் வடிவு நோக்கி, ஏடு 9ஆம் நூற்றாண்டினது என்பர். நூலின் மிகப் பழைய பகுதி 450க்கும் 550க்கும் இடையில் தோன்றியிருத்தல் கூடும் என ஆய்வாளர் கருதுவர். தென்னாட்டிலும் ஈழத்திலும் பெரிதும் போற்றப்படும் அகோரசிவாசாரியரின் பத்ததி 1157இல் எழுந்தது. ஆதலின், ஏடு அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியதாகும்.

இவ்வேட்டின் மூலம், உத்தரம், நயம் என்னும் மூன்று சூத்திரங்களையும் டொமினிக் குடால், சாண்டர்சன், ஐசக்சன் ஆகியோரின் துணையுடன் பதிப்பித்து, 2015இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார். முகம் என்னும் முதற் பகுதியை நிரஜன் காப்லே 2020இல் தந்தார்.

நூல் கூறுவது யாது? சிவனுடைய ஐந்து முகங்களினின்றும் ஐவகை நெறிகள் பிறந்தன என்று முகப் பகுதி வகுக்கின்றது: உலகியல், வைதிகம், ஆன்மிகம், அதிமார்க்கம், மந்திரமார்க்கம் என்பன அவை. இலிங்கத்தை நீராட்டுதல், மலரிடுதல், குளந்தொடுதல், தானம், நோன்பு ஆகிய யாவும் உலகியலின்பாற் படுவன. மந்திரமார்க்கமோ தீட்சை பெற்றோர்க்கே உரியது. சித்தி விழைவார்க்கு ஒரு தீட்சையும், முத்தி விழைவார்க்கு மற்றொன்றும் விதிக்கப்படுகின்றன. திருக்கோயிலில் ஆசாரியர் நாள்தோறும் உலகநலன் கருதி ஆற்றும் பூசையோ, கொடியேற்றித் தேரோட்டும் விழாவோ இந்நூலின் நோக்கமன்று. அவற்றை விரித்துரைக்கும் தென்னாட்டு ஆகமங்கள் இன்றுள்ள வடிவில் பல நூற்றாண்டு பிற்பட்டவை என்பது ஆய்வாளர் துணிபு.

இதனாற் கோயில் வழிபாடு வேரற்றதாகுமோ எனின், ஆகாது. தனியொருவனின் விடுதலை நாடிய நெறியொன்று, காலந்தோறும் ஊரார் அனைவரையும் தழுவும் வழிபாடாக விரிந்தமை சைவத்தின் வளர்ச்சியையே காட்டுகின்றது. ஆயின், இன்றைய வழக்கங்கள் யாவும் தொடக்கந்தொட்டே மாறாது உள்ளன என்னும் கூற்று இவ்வேட்டின் முன் நில்லாது. வளர்ந்து வந்த ஒன்றை, இனி வளரலாகாது எனத் தடுப்பதற்கு ஆகமத்தின் பெயரைக் கருவியாக்குதல் அவ்வாகமத்திற்கே இழைக்கும் பிழையாகும்.

பதிப்பின் சிறப்பு அதன் நேர்மை. ஏட்டின் ஓரங்கள் முறிந்து எழுத்துகள் அழிந்துள்ளன. பிற்காலப் படிகள் சிலவிடத்துத் துணைசெய்கின்றன. அவையும் உதவாவிடத்துப் பதிப்பாசிரியர் இடைவெளியை இடைவெளியாகவே அச்சிட்டார். உய்த்துணர்ந்த பாடம் இதுவென்று வெளிப்படையாகக் குறித்தார். குறைகளும் உள. பதினெட்டு அதிகாரமுடைய குகிய சூத்திரம் அத்தொகுதியில் இடம்பெறவில்லை. வடமொழி மூலம் உரோம எழுத்திலும், பெயர்ப்பும் விளக்கமும் ஆங்கிலத்திலும் அமைந்தமையால், கிரந்தம் கற்ற சிவாசாரியர்க்கும் தமிழ் மட்டும் கற்ற அடியார்க்கும் நூல் எட்டாக்கனியாகின்றது.

வடமொழியும் தமிழும் ஒருங்கு வல்லார் இதனைத் தமிழுரையுடன் தருதல் வேண்டும். அதுவரை, 'ஆகமத்தில் உள்ளது' என்று உரைப்பவரிடம் 'எவ்வேட்டில்?' எனப் பணிவுடன் வினவுதல் மாணாக்கர்க்குக் கடன். அவ்வினாவைப் பகையெனக் கொள்ளாது ஏட்டை எடுத்துக் காட்டுதல் ஆசிரியர்க்கு அழகு.