கும்பார்வாடா சூளையும் கண்ணாடிப் பூச்சும்

மும்பை தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவுக்கு வந்து போகிறவர்களில் சிலர், அங்குள்ள பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கிளேஸ் போடக் கற்றுக்கொள்ளவில்லையே" என்கிறார்கள். வேறு சிலர் பாரம்பரியம் என்று உருகி, சூளைப் புகையைக்கூட அழகாகப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குறை இருக்கும் இடம் இரு சாராருக்குமே தெரியவில்லை.

சௌராஷ்டிரத்துக் குயவர்கள் 1930களில் இங்கே குடியமர்ந்தார்கள். இவர்கள் செய்வது மெருகு, அதாவது கிளேஸ், இடாத சுடுமண். இவர்கள் பட்டி என்று சொல்லும் சூளை, செங்கல் சுவர் எழுப்பி மேலே திறந்துவிட்ட தொட்டி. பஞ்சுக் கழிவும் துணிக் கழிவும் மரத்தூளும்தான் விறகு. சூடு ஏறக்குறைய 700 முதல் 900 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் மண் இறுகுமே தவிர உருகிக் கண்ணாடியாகாது; நுண்துளைகள் அப்படியே நிற்கும். துளை வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் மட்கா எனும் தண்ணீர்ப் பானையில் தண்ணீர் குளிர்கிறது. நெருப்பில் திடீரென ஏறும் சூட்டைச் சட்டி தாங்குவதற்கும் இந்தத் துளை மண்ணே துணை. தைப்பொங்கலன்று இதே தாராவியில் தமிழ்ப் பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே சாதாரணப் பீங்கான் பானையை ஏற்றினால் பால் பொங்குவதற்குள் விரிசல் விட்டுவிடும்.

பக்கத்து மாட்டுங்காவின் தமிழ் வீடுகளில் மாவடு ஊறும் ஜாடியின் கதை வேறு. அது சுமார் 1200 டிகிரியில் வெந்தது. உடலே இறுகிக் கல்லாகிவிட, மேலே படிந்த கண்ணாடி உப்புக்கும் புளிப்புக்கும் அசையாது. மாவடுவை மட்காவில் போட்டால் உப்புநீர் வெளியே பூத்து நிற்கும். ஒன்றை அளவுகோலாக வைத்து இன்னொன்றை மட்டமென்பது அர்த்தமில்லாத பேச்சு.

சரி, கும்பார்வாடா பானைக்கே மெருகேற்றினால் என்ன? மெருகு என்பது மணலிலுள்ள சிலிக்காவை இளக்கி உருக்கிய கண்ணாடி. உருகும்போது அது பிசின், தொட்டதெல்லாம் ஒட்டும். பட்டியிலோ பானை மேல் பானை அடுக்குகிறார்கள், நடுவே சாம்பல் பறக்கிறது. மெருகிட்டு அடுக்கினால் மொத்தச் சுமையும் ஒரே கட்டியாக வெளிவரும். மண்ணும் மெருகும் ஒத்த அளவில் சுருங்காவிட்டால் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். குறைந்த சூட்டில் உருக ஈயம் சேர்ப்பது பழைய வழி. சரியாக வேகாத ஈய மெருகில் புளிக்குழம்பு வைப்பதைவிட வெறும் மண்சட்டி ஆயிரம் மடங்கு மேல்.

பம்பாய்க்கு மெருகு புதிதும் இல்லை. 1870களிலேயே சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஜார்ஜ் டெர்ரியின் முயற்சியில் மெருகிட்ட கலங்கள் செய்தார்கள். அஜந்தா உருவங்கள்கூட அவற்றில் ஏறின. அவை போய்ச் சேர்ந்தது கண்காட்சிக்கும் சீமான்களின் வரவேற்பறைக்கும்தான். அடுப்படிக்கு வரவில்லை.

கும்பார்வாடாவின் உண்மையான குறை அந்தச் சூளைதான். துணிக் கழிவு மலிவு. நகரம் கழித்ததை எரித்துப் பண்டம் செய்யும் சாமர்த்தியத்தைப் பாராட்டலாம். ஆனால் இன்றைய துணிக்கழிவில் எது பருத்தி, எது செயற்கை இழை என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? புகை எழுவது வீட்டு வாசலில். அதை முதலில் சுவாசிப்பது சூளைக்காரரின் குடும்பமே. சூடும் சீராகப் பரவுவதில்லை: ஓரிடத்தில் பானை கறுக்கிறது, ஓரிடத்தில் அரைவேக்காடாகி விரலால் சுரண்டினால் உதிர்கிறது. இதையெல்லாம் மறைக்கத் தீபாவளி அகலில் பூசும் பளபளப்புப் பெயின்ட் இருக்கிறதே, அதுதான் என் பார்வையில் மிக மோசம். மெருகின் உறுதியும் இல்லை, மண்ணின் இயல்பும் இல்லை. சுடர் பட்ட இடத்தில் பெயின்ட் தீய்ந்து நாறும்.

எரிவாயுச் சூளை புகையைப் பெருமளவு குறைக்கும், சூட்டையும் கட்டுக்குள் வைக்கும். ஆனால் எரிவாயுவுக்குக் காசு வேண்டும். பஞ்சுக் கழிவில் வெந்த அகலின் விலைக்கு அது கட்டாது. பல குடும்பங்கள் ஒரே சூளையைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கம் இங்கே கைகொடுக்கக்கூடும். செலவையும் அப்படியே பகிரலாம். அதற்குத் தரைத்தளத்தில் பொது முற்றம் வேண்டும், மண் குழைக்கவும் பானை உலர்த்தவும் வெயில் படும் வெளி வேண்டும். 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற தாராவி மறுசீரமைப்பில் குயவருக்குக் கிடைப்பது மாடியில் ஒரு ஃபிளாட் மட்டும் என்றால், எந்தச் சூளை நல்லது என்ற விவாதத்துக்கே வேலை இருக்காது.