மலையைப் பார்த்தவர்கள், மலையில் பிறந்தவர்கள்

கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறும் வீதியில் புசல்லாவை டவுனைத் தாண்டியதும் வேனை நிறுத்திப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணிகள் குறைவு. சரிவெங்கும் தேயிலை, நடுவே கொழுந்து பறிக்கும் பெண்கள். தேயிலைப் பெட்டியிலும் விளம்பரத் தாளிலும் தலைமுறை தலைமுறையாக அச்சாகி வரும் காட்சி இது. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. அதன் விளம்பரங்களில் சிரித்த முகமும் நிறைந்த கூடையுமாகக் கொழுந்து பறிக்கும் அந்தப் பெண் உலகச் சந்தை முழுதும் போய்வந்தாள். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் தாங்களே தூரிகை எடுத்தபோது அவளை அப்படி வரையவில்லை. ஒரே மலையிலிருந்து இரு வகைக் கலைஞர்கள் பெற்றுக்கொண்டவை எவ்வளவு வேறானவை என்பதைக் கண்டி வட்டாரத்தில் தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் வந்தவர்களில் ஒருவர் ஜூலியா மார்கரெட் கெமரன். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பெரும் புகைப்படக் கலைஞர். கணவர் சார்ல்ஸ் ஹே கெமரனுக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் குடும்பம் இங்கே குடிபெயர்ந்தது. இங்கிலாந்தில் டெனிசன், டார்வின் போன்றோரின் முகங்களைப் படமாக்கிய அதே கருவி இங்கே கூலியாட்களையும் கிராமத்தவர்களையும் நோக்கித் திரும்பியது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை மிகச் சில. டார்வினுக்குப் பெயர் இருந்தது. 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர்கள் கூட்டம்' என்ற அளவோடு நின்றுவிட்டது. 1879 ஜனவரியில் திக்கோயாப் பகுதியில் இறந்த கெமரன், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அடுத்த தலைமுறை கண்டி நகரத்திலேயே உருவானது. 1901இல் கண்டியில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்த ஜோர்ஜ் கீற், திரித்துவக் கல்லூரி மாணவர். மல்வத்தை விகாரையின் அயலில் வாழ்ந்த காலத்தில் பௌத்தமும் சிங்கள இலக்கியமும் அவரை ஈர்த்தன. பிறகு நகரத்தை விட்டுக் கண்டியச் சிற்றூர்களில் குடியிருந்தார். ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கண்ணனும் ராதையும் நாயிகைகளும் அவருடைய வளைகோடுகளில் வாழ்நாள் முழுதும் வந்துகொண்டே இருந்தார்கள். பிக்காசோவின் கியூபிசத்தை உள்வாங்கிய கை, வயல்வெளிப் பெண்களையும் விகாரைச் சுவர்களையும் விட்டு விலகவில்லை. பொரளை கோதமி விகாரைச் சுவரோவியங்களை 1940ஐ ஒட்டி வரைந்தவரும் அவரே. 1943 ஓகஸ்டில் லயனல் வென்ட் முயற்சியால் கொழும்பில் உருவான நவீன ஓவியர் குழுவான '43 குழு'வின் முன்வரிசையில் நின்றவர்.

கீற் படித்த அதே திரித்துவக் கல்லூரியின் தேவாலயச் சுவர்களில் இன்னொரு கண்டி இருக்கிறது. ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த டேவிட் பெயின்டர், 1920களின் பிற்பகுதியிலிருந்து அங்கே பைபிள் காட்சிகளை வரைந்தார். சிலுவையில் தொங்கும் இயேசுவுக்குத் தாடி இல்லை. பின்னணியில் பாலஸ்தீனத்துக் குன்றுக்குப் பதிலாகக் கண்டல் காடு. வேதக் கதையைத் தம் மண்ணின் மனிதர்களைக்கொண்டு சொல்லவேண்டும் என்ற எண்ணம் அந்தச் சுவர்களில் தெரிகிறது.

கீற்றும் பெயின்டரும் பெரும் கலைஞர்கள், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. என்றாலும் அவர்களுடைய கண்டி, வயலும் விகாரையும் தேவாலயமும் கொண்ட கண்டி. ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருந்த தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் அந்த ஓவியங்களில் பெரிதாக இடம்பெறவில்லை.

தோட்டங்களின் வரலாறு இதே வட்டாரத்தில்தான் தொடங்குகிறது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத்துத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் தோணியேறியும் வந்தவர்களிடம் கலை இல்லாமல் இல்லை. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் எல்லாம் தோட்டத்து மண்ணில் வேர்பிடித்தன. கோவில் திருவிழாவில் தேர் ஜோடித்தவர்களும் கூத்துக்கு முகம் எழுதியவர்களும் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. விடிந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போகவேண்டிய உடம்பு அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது; 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்துப் போட்டது. கலைக்கல்வி அவர்களை எட்ட நெடுங்காலம் பிடித்தது.

எட்டியபோது வழி யாழ்ப்பாணத்தினூடாக அமைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் படித்த மலையக மாணவர்கள் வரிசையில் ஹனுஷா சோமசுந்தரமும் அருள்ராஜ் உலகநாதனும் இன்று பரவலாக அறியப்பட்டவர்கள். ஹனுஷாவின் மூலப்பொருள் தேயிலையேதான். பயன்படுத்தி முடித்த தேயிலைப் பைகள், வடிகட்டிகள், சாயம் ஊறிய கறை ஆகியவற்றைக் கொண்டு தோட்டத்துப் பெண்களின் உழைப்பைச் சொல்கிறார். கோப்பை கழுவும்போது உலகம் எறிந்துவிடும் பொருள் அவர் கையில் சாட்சியாகிறது. விளம்பரம் காட்டிய சிரித்த முகத்தைத் தேடினால் கிடைக்காது. அருள்ராஜுக்குத் தம் முன்னோரின் இடப்பெயர்வு, தோட்டத் தொழில், உரிமையில்லாத நிலம் ஆகியவைதான் கருப்பொருள். ஒரு சமூகத்தின் இருநூறாண்டு நினைவு அவர் கோடுகளில் வருகிறது.

1991இல் கண்டியில் பிறந்த ஹேமா ஷிரோனியும் யாழ்ப்பாணத்தில் பயின்றவர். அவர் எடுத்தது ஊசியும் நூலும். துணியில் தைக்கப்பட்ட வீடுகள் அவர் படைப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. யுத்த காலத்தில் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தவர்களுக்கு மடித்து எடுத்துப்போகக்கூடிய துணியே பொருத்தமான பரப்பு என்பதை அந்தத் தையல்களைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம்.

வாழ்ந்த அனுபவத்தையே கலைக்கு மூலமாக்கும் இந்தப் போக்கு மலையகத்தோடு நிற்பதில்லை. இவர்களுக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியருமான தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். 2011இல் வெளியான அவருடைய 'முடிவுறாத தோம்பு' அப்படி உருவானது. கொழும்பில் சந்திரகுப்த தேனுவர, சோதனைச் சாவடிகளின் பீப்பாய்களை எடுத்து 1997இல் 'பீப்பாயியம்' என்று தம் கலைக்குப் பெயரிட்டார். கறுப்பு ஜூலையின் நினைவாக ஆண்டுதோறும் ஜூலை 23இல் கண்காட்சி வைத்துவருகிறார். கீற் காவியத்தில் தேடியதை இவர்கள் அன்றாடம் கைபடும் பொருள்களில் கண்டெடுத்தார்கள். அதனால் கலையின் தரம் தாழவில்லை; கலைக்குள் வந்து சேர்ந்த மனிதர்களின் எண்ணிக்கைதான் கூடியது.

தனிப்பட்ட அனுபவத்திலிருந்து வருவதாலேயே ஒரு படைப்பு உயர்ந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கூடையும் கண்ணீரும் வரைந்தால் மலையக ஓவியம் என்று ஆகிவிடும் ஆபத்து இப்போதே இருக்கிறது. சுற்றுலாப் படத்தின் சிரிப்பைப் போலவே சோகமும் ஒரு வாய்பாடாகிவிடலாம். ஹனுஷாவும் ஹேமாவும் அதிலிருந்து தப்புவது பொருளின் தேர்வால். கறை படியும் விதமும் நூல் போகும் வழியும் கதையைச் சொல்கின்றன. பார்வையாளரின் இரக்கத்தை அவை கேட்பதில்லை.

இந்தப் படைப்புகள் பெரும்பாலும் கொழும்புக் காட்சிக்கூடங்களிலும் வெளிநாடுகளிலும் காட்டப்படுகின்றன. எந்த மக்களின் வாழ்வு மூலப்பொருளானதோ அவர்கள் பார்க்க வழி குறைவு. கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தின் லயத்தில், கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. தொழிலாளர் புழங்கிய பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. அந்தப் பொருள்களின் பக்கத்தில் இந்த ஓவியர்களின் படைப்புகளையும் வைக்கலாம். புசல்லாவைப் பாடசாலைகளில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக ஒரு நாள் போதும். ஆசிரியர்களும் பழைய மாணவர் சங்கங்களும் அந்த ஒரு நாளை ஏற்பாடு செய்யவேண்டும்.