லயக் காம்பராவில் ஒரு காற்று மானி

நிவித்திகலயில் மழை பிடித்துவிட்டால் பொழுது சாய்ந்ததும் வீடுகள் இறுக மூடிக்கொள்ளும். சாரல், நுளம்பு, அட்டை என்று காரணத்துக்குக் குறைவில்லை. தோட்டத்து லயத்தில் என் தங்கச்சி வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நாலு பேர் படுக்கிறார்கள். விடிந்தால் தலை கனக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதால்தான் அரானெட்4 என்ற காபனீரொட்சைட்டு மானியை அங்கே கொண்டுபோனேன்.

இதற்கு முன் மலிவு மானி ஒன்றை வாங்கி ஏமாந்திருந்தேன். சானிடைசர் போத்தலைப் பக்கத்தில் திறந்ததுமே எண் 3,000 பிபிஎம்மைத் தாண்டியது (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). காற்றில் உள்ள வேறு ஆவிகளை வைத்துக் காபனீரொட்சைட்டை ஊகிக்கும் சென்சர் அது. அரானெட்4 லாட்வியத் தயாரிப்பு. காபனீரொட்சைட்டு உறிஞ்சும் 4.26 மைக்ரோமீட்டர் செங்கீழ்க் கதிரைக் கொண்டு நேரடியாக அளக்கிறது, சானிடைசருக்கு அசையவில்லை. இரண்டு ஏஏ பேட்டரி போதும். கரண்ட் போனாலும் கவலையில்லை.

முதலில் இஸ்தோப்பைத் தாண்டி வெட்டவெளியில் வைத்தேன். 431. இன்றைய வெளிக்காற்றில் 420க்குச் சற்று மேலே இருக்கும், ஆகவே சரி. இரவு கதவைச் சாத்திப் படுத்தார்கள். காலை ஐந்து மணிக்கு 2,140, திரையில் சிவப்பு. அறைக்காற்று 1,000ஐத் தாண்டக் கூடாது என்று மியூனிக்கில் பெத்தன்கோஃபர் 1858இலேயே சொல்லிவிட்டார். 2,140 உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். மாணிக்கக் குழிக்குள் காற்று சரியா என்று மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்க்கிற ஊர் இது. இந்த அளவுக்கெல்லாம் அந்தச் சுடர் அசையாது.

மேசை மின்விசிறியைச் சுழலவிட்டோம். எண் இறங்கவில்லை, அதே காற்றுத்தான் சுற்றியது. பூச்சட்டி வைப்பதிலும் பலனில்லை, இரவில் செடியும் சுவாசிக்கும்.

"அண்ணே, ஜன்னலத் தொறந்தா சாரல் படுக்கையில அடிக்குதே" என்றாள் தங்கச்சி. முன் ஜன்னலையும் பின் ஜன்னலையும் ஒரு சாண் மட்டும் திறந்து நுளம்பு வலை அடித்தோம். சாரல் அடிக்காமல் மேலே ஒரு தகரத் துண்டு. மறுநாள் காலை 870. இரண்டு ஜன்னலும் எதிரெதிரே இருந்ததால்தான் இது நடந்தது.

வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. குசினியில் ஈரவிறகு புகைந்து என் கண் எரிந்தபோது இந்த மானி 900 என்று பச்சை காட்டியது. புகைத்தூளையும் காபனோரொட்சைட்டையும் இது அளக்காது. உயிரை எடுப்பது காபனோரொட்சைட்டு. அதற்குத் தனிக் கருவி வேண்டும். பச்சையை நம்பி அடுப்படியில் கதவைச் சாத்தாதீர்கள். இன்னொன்று, எப்போதும் பூட்டிய அறையில் தானாகத் திருத்தும் வசதியைப் போடாதீர்கள். அங்கே காணும் மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, பிறகு குறைத்துக் காட்டும். வெட்டவெளியில் வைத்து நாமே திருத்துவது நல்லது.

கடைசி இரவு பக்கத்து இரட்டை லயத்தில் வைத்தேன். ஆறு பேர், 2,900. கூரைத் தகரத்துக்குக் கீழே சாக்கு அடைத்திருந்த இடைவெளியைத் திறந்து வலை அடித்தோம். அடுத்த காலை 1,700. அதற்கு மேல் இறக்க வழியில்லை. அந்தக் காம்பராவின் பின்சுவர் அடுத்த வீட்டுக்காரரின் பின்சுவர்.